அம்மாள் கேட்ட வீடு

அம்மாள் துணை

ஆறாங்கட்டைத் தோட்டம்,
தம்பின்.
8 மார்ச் 2026

அன்பு ரோகினிக்கு அண்ணி எழுதுவது,

இங்கே நானும் யோகியும் இருக்கிறோம், எங்களோடு வெயிலும் இருக்கிறது. ராசாவில் நீயும் குணாளனும் வேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க அம்மாளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

நீ வைத்து அனுப்பிய தபால்தலைகள் கிடைத்தன. ஒவ்வொரு கடிதத்திலும் இப்படித் தபால்தலை வைத்தால், ‘பதில் எழுது, பதில் எழுது’ என்று என் காதைப் பிடித்துத் திருகுகிற மாதிரி இருக்கிறது. போனில் பேசினால் இரண்டு பேரும் அழுதுவிட்டு வைத்துவிடுகிறோம், எழுதிக்கொள்வோம் என்று நீதானே சொன்னாய். நல்ல யோசனைதான். எழுதும்போது அழுதால் யாருக்கும் கேட்பதில்லை.

வெயிலைப் பற்றி என்ன எழுத. செம்பனைக் குலைகள் சிறுத்துப்போய்விட்டன. உதிரிப் பழம் பொறுக்கக் குனிந்தால் தரையிலிருந்து அனல் முகத்தில் அடிக்கிறது. ஆற்றில் கணுக்கால் அளவுக்குத்தான் தண்ணீர். திருவிழாவுக்குக் கரகத்தில் தண்ணீர் மொண்டு எங்கே பாலிப்பது என்று கோயில் தலைவர் சன்னாசி மாமா இப்போதே புலம்பத் தொடங்கிவிட்டார்.

திருவிழா மே மூன்றாம் தேதி. உன் அண்ணன் போய் இரண்டு வருஷம் ஆகப் போகிறது. அவர் படத்துக்கு மாலை போடாமல் யாரும் கோயிலை விட்டுப் போவதில்லை. மலாக்காவிலிருந்து வந்த ஒரு அம்மா போன மாதம் அந்தப் படத்துக்கு முன்னால் பிள்ளைவரம் கேட்டு அழுதாள். தோட்டத்தில் பழம் வெட்டிய மனுஷன், என்னோடு சண்டை போட்ட மனுஷன், இப்படி நான்கு பேர் கும்பிடும்படி ஆனார். தீச்சட்டி ஏந்தி, தார் ரோட்டில் வெறுங்காலோடு நடந்து வந்து, அந்த உச்சி வெயிலில் ஒரு சொட்டு வேர்வை இல்லாமல் நின்றாரே, அதை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. நீ தண்ணீர் போத்தலைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்ததைத்தான் இன்னும் சொல்லிச் சிரிப்பேன். டவுனுக்குப் போனதும் விரதம் என்றால் என்ன என்றே உனக்கு மறந்துவிட்டது.

அம்மாள் கேட்ட வீட்டை நீ இன்னும் பார்க்கவில்லை. ‘செல்லம், வீட்டுக்குப் போலாம்’ என்று அவர் வாயால், என் பெயரைச் சொல்லிக் கேட்டாளே. வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்திருக்கிறேன், எனக்கொரு வீடு கொடு என்கிறாள் என்று சன்னாசி மாமா அப்போதே சொன்னார். சொன்னபடி கோயிலுக்குக் கூரை போட்டாயிற்று. தகரம் என்பதால் பகலில் உள்ளே உட்கார முடியவில்லை. கோயிலைக் குறை சொல்லக் கூடாது, விட்டுவிடுகிறேன்.

இந்த வருஷம் யோகி அப்பாவின் சட்டியை எடுக்கிறான். ஜொகூரில் இருந்ததால் அன்றைக்குத் தன்னால் பார்க்க முடியவில்லையே என்ற குறை அவனுக்கு. லோரி ஓட்டிக்கொண்டே விரதம் இருக்கிறான். போன வருஷத் திருவிழாவுக்கு நீ ஏதோ காரணம் சொல்லி வரவில்லை. இந்த வருஷம் வராவிட்டால் பேசமாட்டேன்.

உன் அண்ணி,
செல்லம்

*

அம்மாள் துணை

ராசா, சிரம்பான்.
17 மார்ச் 2026

அன்பு அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று பள்ளிக் கேண்டீனில் எனக்குக் கறிக்கு உப்புப் போட மறந்துவிட்டது. பிள்ளைகள் முகத்தைச் சுளித்த பிறகுதான் தெரிந்தது. நாங்கள் நன்றாக இருக்கிறோம். குணாளன் ‘அண்ணி வைக்கிற கருவாட்டுக் குழம்பு’ என்று வாரத்துக்கு ஒரு முறையாவது சொல்லி என் சமையலை மட்டம் தட்டுகிறார்.

போன சனிக்கிழமை பக்கத்து வீட்டு டோரின் என்னை எங்கள் பொது மண்டபத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். பருவநிலை மாற்றம் என்று வாசலில் எழுதி ஒட்டியிருந்தார்கள். யாராவது படம் காட்டிப் பாடம் நடத்துவார்கள், கொஞ்சம் தூங்கிவிட்டு வரலாம் என்றுதான் போனேன். பாடம் ஒன்றும் இல்லை, அண்ணி. நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, வெயிலும் மழையும் உங்கள் வீட்டில் என்ன செய்தன, அதைச் சொல்லுங்கள் என்றார்கள்.

முதலில் டோரின், வெள்ளம் வந்தபோது படுக்கையில் கிடந்த அவள் அம்மாவைக் கட்டிலோடு தூக்கிய கதையைச் சொன்னாள். ஒரு பஸ் டிரைவர், தூறல் போட்டாலே அவர் மகள் பள்ளிச் சப்பாத்தை எடுத்து அலமாரி மேல் வைத்துவிடுகிறாள் என்றார். அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. இத்தனை வருஷம் ஒரே கடையில் சாமான் வாங்குகிறோம், ஒருவருக்கொருவர் இதையெல்லாம் சொன்னதே இல்லை. என் முறை வந்தபோது நானும் ஏதோ சொன்னேன்.

அண்ணி, யோகி சட்டி எடுப்பதைப் பற்றி ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். நேரத்தைச் சாயங்காலத்துக்கு மாற்றக் கூடாதா? மாற்ற முடியாது என்றால், விரதம் இருக்கட்டும், தண்ணீர் மட்டும் குடிக்கட்டும். பெரிய கூஜாவில் எடுத்துப் போய் நீங்களே கையில் கொடுங்கள். இந்த வருஷ வெயில் சாதாரண வெயில் இல்லை. பள்ளியில் பிள்ளைகளைத் திடலுக்கு விடுவதில்லை.

உங்களிடம் நேரில் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. திருவிழாவுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வருகிறேன். தபால்தலை வைத்திருக்கிறேன். காது வலித்தாலும் பதில் எழுதுங்கள்.

உங்கள்
ரோகினி

*

அம்மாள் துணை

ஆறாங்கட்டைத் தோட்டம்,
தம்பின்.
30 மார்ச் 2026

அன்பு ரோகினிக்கு,

நேற்று ஞாயிற்றுக்கிழமை. நீ வருவாய் என்று கருவாட்டுக் குழம்பு வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நீ என்ன தேதி போட்டா எழுதினாய், என் ஆசைதான். குழம்பை யோகி இரண்டு வேளையும் சாப்பிட்டான்.

நீ சொன்னதை நான் தட்டவில்லை. சன்னாசி மாமாவிடம் போய்க் கேட்டேன். ‘ஒம் புருஷன் மாயாண்டி நின்ன நேரம் லா அது. உச்சியிலதான் அம்மா எறங்குனா. நேரத்த மாத்துனா அவ வருவாளா, நீயே சொல்லு’ என்றார். நீ எழுதியதற்காகக் கேட்டேனே தவிர, எனக்கும் நேரம் மாறுவதில் இஷ்டமில்லை.

உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது. யோகிக்கு அவர் முகம், அவர் தோள். அதே நேரத்தில், அதே இடத்தில், அதே சட்டியோடு அவன் நிற்கும்போது அம்மாள் இறங்குவாள். இன்னொரு முறை செல்லம் என்று கூப்பிடுவாள். அந்த ஒரு சொல்லைக் கேட்கத்தான் நான் இன்னும் இந்தத் தோட்டத்தில் கிடக்கிறேன். மற்றவர்களில் பாதிப் பேர் வீடு வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். யோகியும் தம்பின் டவுனுக்குப் போய்விடலாம் என்று நச்சரிக்கிறான். கோயில் இருக்கிற இடத்தை விட்டு நான் எங்கே போவேன்.

அந்தக் கூட்டத்தில் ‘ஏதோ சொன்னேன்’ என்று எழுதியிருக்கிறாயே, என்ன சொன்னாய்? டோரின் கதையை அத்தனை அழகாக எழுதத் தெரிகிறது, உன் கதையை எழுத மட்டும் கை வலிக்கிறதா? அடுத்த கடிதத்தில் எழுது. உன் பேச்சைக் கேட்டு எவ்வளவு நாள் ஆகிவிட்டது.

உன் அண்ணி,
செல்லம்

*

தம்பின்.
13 ஏப்ரல் 2026

ரோகினிக்கு,

நீ என்ன சொன்னாய் என்று கேட்டிருந்தேன். இனி எழுத வேண்டாம், கேட்டுவிட்டேன்.

நேற்று மத்தியானம் யோகி ஓடி வந்தான். ‘அம்மா, அத்த டிக்டாக்ல வந்திருக்காங்க. எல்லாரும் ஷேர் பண்றாங்க’ என்றான். உன் முகத்தைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நான் எடுத்துக் கொடுத்த பச்சைச் சட்டையைப் போட்டிருந்தாய். ‘சத்தத்தக் கூட்டுடா’ என்று நான்தான் சொன்னேன்.

‘எங்கண்ணனுக்கு வேர்வையே இல்ல. சாமி வந்திருக்குன்னு எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டாங்க. ஆஸ்பத்திரியில டாக்டர் சொன்னாரு, வெயிலு தாங்காம ஒடம்பு கொதிச்சுப் போச்சுன்னு. வேர்வ நின்னதே அதனாலதானாம். நெழல்ல படுக்கவெச்சு ஒடம்பு பூரா தண்ணி ஊத்தி, ஒடனே தூக்கிட்டு வந்திருந்தா பொழச்சிருப்பாராம். நான் தண்ணி கொண்டுட்டுப் போனேன். ஒரு கை தட்டிவிட்டுருச்சு.’

யார் கை என்று நீ சொல்லவில்லை. அது எனக்குச் செய்த தயவு என்று நினைத்திருப்பாய்.

அதற்குப் பிறகு சொன்னாயே. ‘எங்க அண்ணிக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. அம்மா கூட்டிட்டுப் போயிட்டான்னு நெனச்சிக்கிட்டிருக்காங்க. நான் எப்படிச் சொல்றது.’ உன் பக்கத்தில் இருந்த ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் யார், ரோகினி? அவளுக்கு நான் யார்? என் புருஷன் எப்படிச் செத்தார் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியாது என்பதும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

யோகி போனை அணைத்துவிட்டு எழுந்து போனான். லோரியைக் கழுவினான். கழுவிய லோரியையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தான்.

ஆஸ்பத்திரிக் காகிதங்களை எல்லாம் நானே பார்த்துக்கொள்கிறேன் அண்ணி, நீங்கள் அலைய வேண்டாம் என்றாய். கூடப்பிறந்தவள்கூட இப்படிப் பார்த்துக்கொள்ள மாட்டாள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

செல்லம்

*

ராசா, சிரம்பான்.
17 ஏப்ரல் 2026

அண்ணி,

எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. உங்கள் காலைப் பிடித்துக்கொண்டு எழுதுவதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

அன்று ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னிடம் சொல்லி முடித்த நிமிஷத்தில் நீங்கள் நடைபாதையில் வந்தீர்கள். தலைமுடியெல்லாம் குங்குமம், கையில் திருநீறு. ‘ரோகினி, அம்மா அவர சும்மா கொண்டுட்டுப் போகல. எங்கிட்டப் பேசிட்டுத்தான் கூட்டிட்டுப் போனா’ என்றீர்கள். அதைச் சொல்லும்போது சிரித்தீர்கள், அண்ணி. அண்ணன் செத்துக் கிடக்கிறார், நீங்கள் சிரிக்கிறீர்கள். அந்தச் சிரிப்பைப் பிடுங்க எனக்கு மனசு வரவில்லை. காரியம் முடியட்டும் என்றேன். முப்பதாம் நாள் கும்பிடட்டும் என்றேன். பிறகு கோயிலில் படம் மாட்டிவிட்டார்கள், கூரை போட்டுவிட்டார்கள். அதற்கப்புறம் எங்கே நின்று சொல்வது?

போத்தலை நீங்கள் தட்டிவிட்டதும் நானும்தான் பேசாமல் நின்றேன். கீழே விழுந்ததை எடுத்து மறுபடியும் நீட்டியிருக்கலாம். கூட்டத்தோடு சேர்ந்து நானும் கையெடுத்துக் கும்பிட்டேன். அதை அந்த மண்டபத்தில் சொல்லவில்லை.

தெரியாதவர்கள் நடுவில் சொல்வது சுலபமாக இருந்தது. அவர்கள் தங்கள் வீட்டுக் கஷ்டத்தைச் சொல்லச் சொல்ல, எனக்கும் வாயில் வந்துவிட்டது. படம் எடுக்கலாமா என்று டோரின் கேட்டாள். நமக்குள்தானே என்று தலையாட்டினேன். இப்படி வெளியே போய்விட்டதே என்று டோரின் இப்போது என்னைவிட அதிகமாக அழுகிறாள்.

நீங்கள் குழம்பு வைத்துக் காத்திருந்த அதே ஞாயிற்றுக்கிழமை நான் தம்பின் பஸ் நிலையம் வரைக்கும் வந்தேன். அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அப்படியே சிரம்பான் பஸ்ஸில் ஏறித் திரும்பிவிட்டேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் உங்களிடம் இனி எதையும் மறைக்கப் போவதில்லை.

என்னை என்ன வேண்டுமானாலும் திட்டுங்கள். யோகியை மட்டும் உச்சி வெயிலில் நிறுத்தாதீர்கள். நம் வீட்டில் மிச்சம் இருப்பது அவன் ஒருவன்தான்.

ரோகினி

*

ராசா, சிரம்பான்.
28 ஏப்ரல் 2026

அண்ணி,

கடிதம் கிடைத்ததா? யோகி என் போனை எடுப்பதில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை திருவிழா. வரவா என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. நீங்கள் கூப்பிடாமல் அந்த வாசலை மிதிக்க மாட்டேன். அவன் எத்தனை மணிக்குச் சட்டி எடுக்கிறான் என்று மட்டும் ஒரு வரி எழுதிவிடுங்கள். எழுத மனம் இல்லாவிட்டால் வெறும் தாளை மடித்துப் போடுங்கள், போதும். தபால்தலை வைத்திருக்கிறேன்.

ரோகினி

*

தம்பின்.
6 மே 2026

ரோகினி,

பிள்ளை நன்றாக இருக்கிறான். நீ காத்திருப்பது அதற்குத்தான், அதனால் முதலில் எழுதிவிட்டேன்.

திருவிழாவுக்கு முந்தின நாள் அந்தத் தகரக் கூரைக்குக் கீழே கூட்டம் போட்டார்கள். சன்னாசி மாமா உன் பேச்சை எடுத்தார். ‘டவுனுக்குப் போயிட்டவங்க கேமரா முன்னால ஒக்காந்து அம்மாளையே பொய்யாக்குறாங்க’ என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் உன்னைத் திட்டுவேன் என்று எதிர்பார்த்தார்கள்.

நான் எழுந்தேன். எங்கள் வாசலில் யாரும் எதையும் எழுதி ஒட்டவில்லை, நாற்காலியை வட்டமாகப் போடவில்லை. ஆனாலும் சொன்னேன். ‘ரோகினி சொன்னது நெசம். தண்ணி கொண்டாந்தா. தட்டிவிட்ட கை இந்தக் கை’ என்று கையைத் தூக்கிக் காட்டினேன். மேலே கூரை வெயிலில் டக், டக் என்று அடித்துக்கொண்டிருந்தது. நான் அழவில்லை. முழுவதையும் சொல்லிவிட்டு, என் பிள்ளை உச்சியில் சட்டி எடுக்க மாட்டான், அம்மாள் கோபப்பட்டால் என்மேல் படட்டும் என்றேன்.

பிறகு வள்ளியம்மா எழுந்தாள். அவள் புருஷன் பழம் வெட்டும்போது வாரத்தில் இரண்டு தடவை மயங்கி விழுகிறாராம். வேலை வாங்குகிற மண்டோருக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்று அவரைச் செம்பனை மட்டைக்குள் மறைத்துப் படுக்கவைக்கிறாளாம். அவளுக்குப் பின்னால் இன்னும் நான்கைந்து பேர் சொன்னார்கள். ஒரே லயத்து வீடுகளில் இருக்கிறோம், ஒருவருக்கும் தெரியவில்லை. சன்னாசி மாமா தலையைக் குனிந்துகொண்டே கேட்டார். கடைசியில், ‘வெயிலு எறங்கட்டும். அப்பறம் எடுப்போம்’ என்றார்.

பொழுது சாய்ந்த பிறகுதான் யோகி சட்டி எடுத்தான். ரோட்டில் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். அவனுக்கு நெற்றியில், முதுகில், தோளில், வேர்வை ஊற்றியது. அதைப் பார்த்துப் பார்த்து அழுதேன். கோயில் வாசலில் வந்து நின்று என் முகத்தைப் பார்த்தான். செல்லம் என்று கூப்பிடவில்லை. ‘அம்மா, தண்ணி’ என்றான். கொடுத்தேன்.

அந்தக் கூட்டத்தில் ஒன்றை மட்டும் நான் சொல்லவில்லை. அதை உன்னிடம் சொல்லிவிடுகிறேன், அவர் கூடப்பிறந்தவள் நீ.

‘செல்லம், வீட்டுக்குப் போலாம்.’ இரண்டு வருஷமாக அதை அம்மாள் வாக்கு என்று வைத்துக் கும்பிட்டேன். அம்மாள் எதற்கு என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடப் போகிறாள்? கேட்டது உன் அண்ணன். உடம்பு கொதிக்கிறது, கண் தெரியவில்லை, பெண்டாட்டி எதிரில் நிற்கிறாள், அவளிடம் கேட்டிருக்கிறார். வேலை முடிந்து வரும்போது தினமும் கேட்கிற மாதிரிதான் கேட்டார், ரோகினி. கோயிலுக்குப் பின்னாலேயே நம் வீடு. கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். நான் கற்பூரத் தட்டை நீட்டி, ‘எந்த வீடு தாயே’ என்று கேட்டேன்.

உன்மேல் பழி போட இதை எழுதவில்லை. நீ அந்த மண்டபத்தில் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் என் பிள்ளை உச்சி வெயிலில் நின்றிருப்பான். நானே நிறுத்தியிருப்பேன். அந்த நன்றி என் உயிர் உள்ளவரை இருக்கும்.

ஆனால் உன் பழைய கடிதங்களை எல்லாம் எடுத்து மறுபடியும் படித்தேன். ஒவ்வொன்றின் தலையிலும் அம்மாள் துணை என்று போட்டிருக்கிறாய். அண்ணனை நன்றாகக் கும்பிட்டுக்கொள்ளுங்கள் என்று எழுதியிருக்கிறாய். எல்லாம் தெரிந்துகொண்டு, என்னைச் சின்னப் பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறாய். நான் உன்னைப் பார்த்துப் பேசிக்கொண்டிருப்பதாக நினைத்தேன். நீ என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறாய். இனி உன் கையெழுத்தைப் பார்த்தால் எனக்கு அதுதான் தெரியும்.

எனக்கு அவர் போன மாதம்தான் செத்தார். துக்கத்துக்கு யாரும் வரவில்லை. நீயும் வர வேண்டாம்.

கோயிலிலிருந்து படத்தைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். அடுத்த மாதம் யோகியோடு தம்பின் டவுனுக்குப் போகிறேன். எந்த இடம் என்று அவனிடமும் கேட்காதே.

மிச்சமிருந்த தபால்தலைகளை இதற்குள் வைத்திருக்கிறேன்.

செல்லம்